தனி ஸ்கிரிப்டில் இருந்து வேர்ட்பிரஸ் தீம் செட்டிங்ஸை எடுப்பது எப்படி? ஃபோன் நம்பர் வருகிறது, நிறம் வரவில்லை

கதிர்வலை

வணக்கம். ஒரு பயிற்சி மையத்துக்கு வேர்ட்பிரஸில் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். அதே சர்வரில், வேர்ட்பிரஸ் ஃபோல்டருக்கு வெளியே, நானே எழுதிய ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் தனியாக ஓடுகிறது. மாணவர் எண்ணைக் கொடுத்தால் கட்டண ரசீதை பிடிஎஃப் ஆகக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. ரசீதின் தலையில் வரவேண்டிய லோகோ, பட்டையின் நிறம், முகவரி, ஃபோன் நம்பர் எல்லாம் ஏற்கெனவே தளத்தின் கஸ்டமைசரில், அதாவது தளத்தின் தோற்றத் தொகுப்பான தீமின் செட்டிங்ஸை மாற்றும் திரையில், இருக்கின்றன. இதுநாள் வரை ஸ்கிரிப்டுக்குள் கையால் எழுதி வைத்திருந்தேன். மையத்தில் நம்பரை மாற்றினார்கள், தளத்தில் மாறியது, ரசீதில் பழைய நம்பரே அச்சாகிக்கொண்டிருந்தது, அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இப்போது செய்திருப்பது: ஸ்கிரிப்டின் முதல் வரியில் டபிள்யூபி-ப்ளாக்-ஹெடர் ஃபைலை இழுத்துவிட்டு, தீம் செட்டிங்கைப் படித்துக் கொடுக்கும் கெட்_தீம்_மாட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறேன். முகவரியும் நம்பரும் சரியாக வருகின்றன. நிறம் காலி. லோகோ கேட்டால் 214 என்று ஒரு எண் மட்டும் வருகிறது. இதைவிட வினோதம், பிரவுசரில் திறந்தால் ரசீது அழகாக வருகிறது, ஆனால் ஆபிஸில் இருக்கும் கணக்கு மென்பொருள் அதே முகவரியைத் தொட்டால் 404 என்று திருப்பி அனுப்புகிறது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது!

இங்கே நிரலை ஒட்டினால் குறிகள் எல்லாம் சிதைகின்றன, அதனால் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதினால் போதும், புரிந்துகொள்வேன்.

எட்டிப்பார்

எதற்கு இவ்வளவு சுற்று? தீம் செட்டிங்ஸ் எல்லாம் டேட்டாபேஸின் ஆப்ஷன்ஸ் டேபிளில் ஒரே ஒரு வரிசையில், ஒரே சரமாகச் சுருட்டி (சீரியலைஸ் செய்து) இருக்கிறது. பிடிஓ (பிஎச்பியில் இருந்து டேட்டாபேஸோடு நேராகப் பேசும் வழி) போட்டு ஒரு செலக்ட், பிரிக்க ஒரு அன்சீரியலைஸ், முடிந்தது வேலை. வேர்ட்பிரஸையே தொட வேண்டாம்.

பழைய_ஓடு

கதிர், முதலில் 404ஐ முடித்துவிடுவோம், அது சுலபம். டபிள்யூபி-ப்ளாக்-ஹெடர் என்பது தளத்தின் வாசல். அதை இழுத்தால் மூன்று காரியம் நடக்கும்: வேர்ட்பிரஸ் ஏறும், பிறகு வந்த முகவரிக்கு எந்தப் பதிவு என்று முதன்மை வினவல் ஓடும், பிறகு டெம்ப்ளேட்டைத் தேடும். உங்கள் ரசீது முகவரிக்குப் பொருத்தமான பதிவு எதுவும் இல்லையே, அதனால் இரண்டாவது கட்டத்திலேயே 404 என்று தலைப்புத் தகவலில் எழுதிவிடுகிறது. உங்கள் ஸ்கிரிப்ட் அதற்குப் பிறகு பிடிஎஃப்பை அனுப்புகிறது. பிரவுசர் எண்ணைக் கண்டுகொள்ளாமல் வந்ததைக் காட்டும், கணக்கு மென்பொருள் எண்ணைத்தான் முதலில் பார்க்கும்.

அதற்குப் பதில் டபிள்யூபி-லோட் ஃபைலை இழுங்கள். அது வேர்ட்பிரஸை ஏற்றுவதோடு நின்றுவிடும், வினவல் கிடையாது, 404 கிடையாது.

நெட்டில் பல இடங்களில் "யூஸ் தீம்ஸ் என்ற மாறிலியை ஃபால்ஸ் ஆக்கு, தீம் ஏறாது" என்று எழுதியிருப்பார்கள். அது பாதி உண்மை. டெம்ப்ளேட் ஃபைல்கள் ஓடாது, அவ்வளவுதான். தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைல் எப்படியும் ஏறத்தான் செய்யும், அதுவும் உங்களுக்கு நல்லதுதான், ஏனென்றால் தீம் போட்டிருக்கும் ஃபில்டர்கள் (மதிப்பை வெளியே விடும் முன் மாற்றும் நிரல்கள்) எல்லாம் அதில்தான் இருக்கும்.

மின்மினி

நிறம் காலியாக வருவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நினைக்கிறேன். மையத்துக்காரர்கள் அந்த நிறத்தைக் கஸ்டமைசரில் தொட்டதே இல்லை, சரிதானே? தீம் எந்த நிறத்தோடு வந்ததோ அதையே வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்த நிறம் டேட்டாபேஸில் எங்குமே கிடையாது. கஸ்டமைசர் மாற்றியதை மட்டும்தான் சேமிக்கும். செட்டிங்கைப் பதிவு செய்யும்போது தீம் எழுதியவர் ஒரு டிஃபால்ட் கொடுத்திருப்பார், ஆனால் அது கஸ்டமைசரின் பெட்டியில் காட்டுவதற்கு மட்டும். தளத்தின் முகப்பில் கெட்_தீம்_மாட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. டெம்ப்ளேட்டில் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் இரண்டாவது மதிப்பாக அதே நிறத்தை மறுபடி எழுதியிருப்பார்கள், அதனால்தான் தளத்தில் நிறம் தெரிகிறது. நீங்கள் இரண்டாவது மதிப்பு கொடுக்காமல் கூப்பிட்டால் ஃபால்ஸ் வரும், அச்சிட்டால் வெற்றிடம்.

எட்டிப்பார் சொல்கிற செலக்ட் வழியிலும் இதே கதைதான், அதைவிட மோசம். டேபிளில் இருப்பது பாதி உண்மை, மீதிப் பாதி தீமின் நிரலுக்குள் இருக்கிறது. தீம் செட்டிங் என்பதே இரண்டும் சேர்ந்துதான்.

லோகோ 214 என்பது மீடியா நூலகத்தில் அந்தப் படத்தின் எண். கஸ்டம் லோகோ எப்போதும் எண்ணாகத்தான் சேமிக்கப்படும். பிடிஎஃப்புக்கு முகவரி வேண்டாம், சர்வரில் படம் இருக்கும் பாதை வேண்டும், அதற்கு கெட்_அட்டாச்டு_ஃபைல் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதற்கு 214ஐக் கொடுங்கள். தன் சர்வரில் இருக்கும் படத்தையே இணையம் வழியாகச் சுற்றி வந்து எடுக்க வைக்காதீர்கள்.

கதிர்வலை

அக்கா, அதேதான். நிறத்தை அவர்கள் தொட்டதில்லை. டெம்ப்ளேட்டில் தேடிப் பார்த்தேன், தீம்காரர் ஹெடர் ஃபைலில் ஒரு நிறமும், சிஎஸ்எஸ் அச்சிடும் இடத்தில் அதற்குக் கொஞ்சம் அடர்த்தியான இன்னொரு நிறமும் டிஃபால்ட்டாக எழுதியிருக்கிறார். இரண்டில் எது உண்மை என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

404 போய்விட்டது, நன்றி பழைய_ஓடு அண்ணா.

எட்டிப்பார்

சரி, டிஃபால்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிறத்துக்கும் ஒரு ஃபோன் நம்பருக்கும் முழு வேர்ட்பிரஸை ஏற்றுவது, ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாணச் சமையல்காரரை அழைப்பது போல. அத்தனை பிளகினும் ஏறும், ஒவ்வொரு ரசீதுக்கும். டிஃபால்ட்டை என் ஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டு மீதியை டேபிளில் எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

பழைய_ஓடு

குடி முழுகாது, ஆனால் வரிசையாகச் சொல்கிறேன் கேளும்.

முதலில், எந்த வரிசையை எடுப்பீர்? ஆப்ஷனின் பெயர் தீம்_மாட்ஸ் என்று தொடங்கி, பின்னால் தீமின் ஃபோல்டர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். சைல்ட் தீம் (இன்னொரு தீமின் மேல் கட்டிய துணைத் தீம்) போட்டிருந்தால் சைல்டின் ஃபோல்டர் பெயர், அம்மா தீமின் பெயர் அல்ல. இதனால்தான் சைல்ட் தீமுக்கு மாறிய அன்று எல்லாரும் "என் செட்டிங்ஸ் எல்லாம் போச்சு" என்று அலறுகிறார்கள். போகவில்லை, பழைய பெயரில் அப்படியே தூங்குகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் பெயரை நேராக எழுதிவிட்டால், நாளை யாராவது தீம் மாற்றியதும் அது தூங்குகிற வரிசையைப் படித்துக்கொண்டே இருக்கும். பிழையும் வராது. ஆகவே ஸ்டைல்ஷீட் என்ற ஆப்ஷனை முதலில் படித்து, அதில் இருந்து பெயரைக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, தமிழ். இதை யாரும் எழுதி வைப்பதில்லை. மதிப்புகள் சீரியலைஸ் ஆகிக் கிடக்கும், ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் அதன் நீளம் எழுதியிருக்கும், எழுத்துக் கணக்கில் அல்ல, பைட் கணக்கில். யூடிஎஃப்-8ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "கோவை" கண்ணுக்கு இரண்டு எழுத்து, உள்ளே நான்கு குறியீடு, ஆக 12 பைட். "மதுரை" 15. பிடிஓ இணைப்பில் எழுத்துத் தொகுதியைக் குறிப்பிடாமல் விட்டால் சில பழைய சர்வர்களில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வந்து சேரும், ஒரு குறியீட்டுக்கு ஒரு கேள்விக்குறி. முன்னால் 12 என்று எழுதியிருக்கிறது, வந்ததோ 4 பைட். அன்சீரியலைஸ் ஃபால்ஸ் கொடுத்துவிடும், முகவரி மட்டும் அல்ல, மொத்த செட்டிங்ஸும் போய்விடும். ஆங்கில முகவரி வைத்திருக்கிறவன் தளத்தில் இது வெளியே தெரியவே தெரியாது.

டேட்டாபேஸை நேராகத் திருத்தும் பிஎச்பிமைஅட்மினில் போய் "கோவை"யைக் கையால் "மதுரை" ஆக்குகிறவர்களுக்கும் இதேதான் நடக்கும். டம்ப் ஃபைலில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்கிறவர்களுக்கும். கட்டளை வரியில் இருந்து வேர்ட்பிரஸை இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும், அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஃபில்டர். சில தீம்களும் பிளகின்களும் ஒவ்வொரு மதிப்பையும் வெளியே விடும் முன் மாற்றும். மொழி பிளகின் போட்டு முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுகிற தளங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாற்றுகின்றன. டேபிளில் இருந்து எடுத்தால் அது எதுவும் நடக்காது.

அப்புறம் அன்சீரியலைஸ் செய்யும்போது கிளாஸ்களை அனுமதிக்காதே என்ற விருப்பத்தைக் கட்டாயம் கொடுங்கள், பிஎச்பி 7 முதல் இருக்கிறது. உங்கள் டேபிளில் யார் எதை எழுதி வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

எட்டிப்பார்

போதும் சாமி, பிடிஓவை விட்டுவிட்டேன். ஷார்ட்இனிட்?

மின்மினி

அது நல்ல கேள்வி. டபிள்யூபி-லோடுக்கு முன்னால் ஷார்ட்இனிட் என்ற மாறிலியை ட்ரூ என்று வைத்தால் வேர்ட்பிரஸ் பாதியிலேயே நின்றுவிடும். டேட்டாபேஸ் இணைப்பு உண்டு, ஆப்ஜெக்ட் கேஷ் உண்டு, கெட்_ஆப்ஷன் உண்டு. பிளகின், தீம், பயனர், மீடியா எதுவும் கிடையாது. கெட்_தீம்_மாட் கூட இருக்காது, கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று ஸ்கிரிப்ட் செத்துவிடும். ஆனால் ஸ்டைல்ஷீட் ஆப்ஷனைப் படித்து, தீம்_மாட்ஸ் ஆப்ஷனைப் படித்தால் அரே கிடைத்துவிடும். பழைய_ஓடு சொன்ன எழுத்துத் தொகுதிச் சிக்கல் இல்லை, பாஸ்வேர்டை இன்னொரு ஃபைலில் எழுத வேண்டியதில்லை, ரெடிஸ் போன்ற கேஷ் இருந்தால் அதையும் மதிக்கும்.

டிஃபால்டும் ஃபில்டரும் இதிலும் கிடையாது. லோகோ எண்ணைப் பாதையாக மாற்றும் ஃபங்ஷனும் இல்லை, போஸ்ட்மெட்டா டேபிளில் அட்டாச்டு ஃபைல் என்ற சாவியை வேர்ட்பிரஸின் டேட்டாபேஸ் கருவியான டபிள்யூபிடிபி வழியாக நாமே தேட வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் கடைசியில் பார்த்தால் வேர்ட்பிரஸ் எழுதி வைத்ததையே நாம் மறுபடி எழுதிக்கொண்டிருப்போம்.

வேகம் முக்கியமா என்று கதிர் சொல்லட்டும். ஒரு நாளைக்கு எத்தனை ரசீது?

கதிர்வலை

சேர்க்கை மாதத்தில் நூற்றுக்கு மேல் போகும், மற்ற மாதங்களில் பத்து இருபது. வேகம் பெரிய பிரச்சினை இல்லை. இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் வசதி) ஒருமுறை அன்றைய ரசீதுகளை எல்லாம் ஒரே கட்டாக எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறது, அதற்கும் இதே ஸ்கிரிப்ட்தான்.

இப்போது புதிதாக ஒன்று. "அலுவலக நேரம்" என்று ஒரு செட்டிங், அது கஸ்டமைசரில் இல்லை, தீமின் சொந்தப் பேனலில் இருக்கிறது. தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலின் தலையில் கெட்_ஆப்ஷன் செய்து ஒரு மாறியில் போட்டுவிட்டு, டெம்ப்ளேட்டுகளில் குளோபல் என்று சொல்லி அதையே எடுக்கிறார்கள். நானும் அப்படியே எடுத்தேன், நல் (மதிப்பே இல்லை) என்று வருகிறது. டபிள்யூபி-லோடை ஒரு தனி ஃபங்ஷனுக்குள் வைத்துத்தான் இழுக்கிறேன், ஏற்றத் தேவையில்லாதபோது ஏற்றாமல் இருக்கலாம் என்று.

பழைய_ஓடு

அந்தத் தனி ஃபங்ஷன்தான் காரணம். பிஎச்பியில் ஒரு ஃபைலை எங்கே நின்று இழுக்கிறீர்களோ, அந்த இடத்தின் எல்லைக்குள்தான் அதன் மாறிகள் பிறக்கும். உங்கள் ஃபங்ஷனுக்குள் வேர்ட்பிரஸ் ஏறினால், தீமின் தலையில் எழுதிய மாறியும் உங்கள் ஃபங்ஷனின் உள்மாறி, ஃபங்ஷன் முடிந்ததும் அதுவும் காலி. வேர்ட்பிரஸ் தன் சொந்த மாறிகளை எல்லாம் கவனமாக வெளியில் அறிவித்துக்கொள்ளும், அதனால் மையம் ஒழுங்காக ஓடும், தீம்காரர் எழுதியது மட்டும் காணாமல் போகும். ஃபங்ஷனை விட்டு வெளியே எடுத்து, ஃபைலின் மேல்மட்டத்தில் இழுங்கள். அல்லது அந்த மாறியை நம்பாமல் அதே கெட்_ஆப்ஷனை நீங்களே கூப்பிடுங்கள், அது இன்னும் நல்லது.

கிரான்சாமி

இரவுக் கிரான் என்றதும் வந்துவிட்டேன். ரசீதில் தேதி அச்சிடுகிறீர்களா? எத்தனை மணிக்கு ஓடுகிறது?

கதிர்வலை

இரவு ஒரு மணிக்கு. தேதி உண்டு, பிஎச்பியின் டேட் ஃபங்ஷன்தான். சர்வரில் நம் நேரம்தான் வைத்திருக்கிறேன்.

கிரான்சாமி

சர்வரில் எதை வைத்தாலும் சரி, வேர்ட்பிரஸ் ஏறும்போது நேர மண்டலத்தை யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிடும். தளத்தின் செட்டிங்கில் கொல்கத்தா என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் டேட் ஃபங்ஷன் யூடிசிதான் சொல்லும். நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். பகலில் ஓடினால் தேதி சரியாகவே இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை ஓடுகிற எதிலும் முந்தைய நாள் தேதி விழும். இப்போதே நேற்று இரவு அனுப்பிய கட்டைத் திறந்து பாருங்கள். டபிள்யூபி_டேட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், வேர்ட்பிரஸ் 5.3ல் வந்தது, தளத்தின் செட்டிங்கில் இருக்கும் நேரத்தைச் சொல்லும்.

இன்னொன்று, பிரவுசரில் இருந்து வரும் மதிப்புகளை வேர்ட்பிரஸ் ஏறியதும் அது தொட்டுவிடும். கெட், போஸ்ட், குக்கி எல்லாவற்றிலும் மேற்கோள் குறிக்கு முன்னால் சாய்கோடு சேர்க்கும், இதையே செய்துவந்த மேஜிக் கோட்ஸைப் பிஎச்பியில் இருந்து எடுத்துவிட்ட பிறகும் வேர்ட்பிரஸ் மட்டும் அதை விடவில்லை. பெயரில் ஒற்றை மேற்கோள் உள்ள மாணவர் வந்தால் ரசீதில் நடுவே சாய்கோடு தெரியும். டபிள்யூபி_அன்ஸ்லாஷ் போட்டு எடுங்கள்.

கிரானுக்கு என் யோசனை வேறு. டபிள்யூபி-லோடை நேராக இழுக்காமல், டபிள்யூபி-சிஎல்ஐயின் ஈவால்-ஃபைல் கட்டளையில் ஸ்கிரிப்டைக் கொடுங்கள். கட்டளை வரியில் இருந்து ஓடும்போது ஹோஸ்ட் பெயர் என்று ஒன்று கிடையாது, சில பிளகின்கள் அதைத் தேடிக் கத்தும், மல்டிசைட் (ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள்) என்றால் எந்தத் தளம் என்றே தெரியாமல் விழுந்துவிடும். சிஎல்ஐயில் யூஆர்எல் என்று ஒரு விருப்பம் கொடுத்தால் அந்தத் தளத்தின் பெயரை அதுவே பொருத்திக்கொள்ளும். ஒரு மதிப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் தீம் மாட் கெட் என்றே தனிக் கட்டளை இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், ஈவால்-ஃபைலும் உங்கள் நிரலை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துத்தான் ஓட்டும், நீங்கள் மேல்மட்டத்தில் எழுதும் மாறி அங்கே குளோபல் ஆகாது.

கதிர்வலை

திறந்து பார்த்தேன். முந்தைய நாள் தேதிதான். அன்றைய ரசீதுகளின் கட்டுதானே, அதனால் முந்தைய தேதி சரி என்றே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள் போல!

புதுக்கட்டம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் கஸ்டமைசர் தீமையே மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். பிளாக் தீமில், அதாவது எடிட்டரிலேயே முழுவதையும் மாற்றும் புதிய வகைத் தீமில், நிறம் தீம் மாடில் இருக்காது. 5.8ல் தீம் ஜேசான் (தரவை வெறும் எழுத்தாக எழுதி வைக்கும் வடிவம்) ஃபைல் வந்தது, 2022 ஜனவரியில் 5.9 வந்ததில் இருந்து முழுத் தளத்தையும் எடிட்டரிலேயே மாற்றலாம். தீம்காரர் கொடுத்த நிறங்கள் அந்த ஃபைலில், நாம் மாற்றியவை குளோபல் ஸ்டைல்ஸ் என்ற ஒரு தனிப் பதிவு வகையில், ஜேசானாக. ஆப்ஷன்ஸ் டேபிளை எவ்வளவு தோண்டினாலும் கிடைக்காது.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்க டபிள்யூபி_கெட்_குளோபல்_செட்டிங்ஸ், டபிள்யூபி_கெட்_குளோபல்_ஸ்டைல்ஸ் என்று இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் முழுதாக ஏறினால்தான் வேலை செய்யும், ஷார்ட்இனிட்டில் கிடையாது. முதலாவது நிறத் தட்டைக் கொடுக்கும், டிஃபால்ட், தீம், கஸ்டம் என்று பிரித்துக் கொடுக்கும். இரண்டாவதில் பின்னணி நிறம் கேட்டால் பல சமயம் நிறத்துக்குப் பதில் சிஎஸ்எஸ் மாறியின் பெயர் வரும். பிரவுசருக்கு அது புரியும், பிடிஎஃப் நூலகத்துக்குப் புரியாமல் கறுப்பாக அச்சாகும். 6.3 முதல் ரிசால்வ்-வேரியபிள்ஸ் என்று சொல்லிக் கேட்டால் உண்மையான நிறத்தையே கொடுக்கிறது.

மின்மினி

நல்ல குறிப்பு. நான் சொல்ல வந்த இடத்துக்கும் இது வந்து சேர்கிறது. ரசீது ஸ்கிரிப்ட், தீம் எந்த வகை, எங்கே சேமிக்கிறது, டிஃபால்ட் எது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தவர் வேர்ட்பிரஸுக்குள் இருக்கிறார், அவரே எழுதிக் கொடுக்கட்டும்.

எம்யு-பிளகின்ஸ் ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல் வையுங்கள், அதற்கு ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை, தானாக ஏறும். கஸ்டமைசரில் பப்ளிஷ் அழுத்தியதும் கஸ்டமைஸ்_சேவ்_ஆஃப்டர் என்ற ஹூக் (நம் நிரலை மாட்டிவிடும் கொக்கி) ஓடும். அதில் உங்களுக்கு வேண்டிய மதிப்புகளை மட்டும் டிஃபால்டோடு எடுத்து, லோகோ எண்ணைப் பாதையாக மாற்றி, அலுவலக நேரத்தையும் சேர்த்து, ஒரு ஜேசான் ஃபைலாக எழுதிவிடுங்கள். ரசீது ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைப் படிக்கும், வேர்ட்பிரஸை இழுக்கவே இழுக்காது. நேர மண்டலம், சாய்கோடு, 404, குளோபல் மாறி, மேலே எழுதிய எதுவும் வராது.

டிஃபால்ட்டை எம்யு-பிளகினில் ஒரே இடத்தில் எழுதுங்கள். முடிந்தால் தீமின் சைல்டில் ஒரு ஃபங்ஷன் வைத்து டெம்ப்ளேட்டுகளும் அதையே கூப்பிடும்படி செய்தால் அந்த இரண்டு நிறக் குழப்பமும் தீரும்.

பழைய_ஓடு

மின்மினி சொல்வது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் தன் சர்வரில், தன் கையில் இருக்கிற ஸ்கிரிப்டுக்கு டபிள்யூபி-லோடை இழுப்பது பாவம் ஒன்றும் இல்லை. அதைத் தீமுக்குள்ளோ பிளகினுக்குள்ளோ வைத்து ஊருக்குக் கொடுத்தால்தான் தப்பு. மூன்று ஃபோல்டர் மேலே போனால் டபிள்யூபி-லோட் இருக்கும் என்று எழுதுவார்கள், கன்டென்ட் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்திய தளத்தில் அது இருக்காது. வேர்ட்பிரஸ் பிளகின் தளத்தில் அப்படி எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் தீம்களில் ஸ்டைல் என்று ஒரு பிஎச்பி ஃபைல் இருக்கும், சிஎஸ்எஸ் என்று பாசாங்கு செய்யும், உள்ளே முழு வேர்ட்பிரஸை இன்னொரு தடவை ஏற்றி நான்கு நிறத்தை அச்சிடும். ஒரு பக்கம் திறந்தால் இரண்டு வேர்ட்பிரஸ் ஓடும். அதே காலத்தில்தான் டிம்தம்பும். படத்தைச் சுருக்க நூற்றுக்கணக்கான தீம்களில் ஒட்டி வைத்திருந்த தனி ஸ்கிரிப்ட். 2011 ஆகஸ்டில் அதில் ஓட்டை வெளியானது. அனுமதித்த தளத்தின் பெயர் முகவரியில் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது, தொடக்கமா முடிவா என்று பார்க்கவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைத் தன் டொமைனுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு பிஎச்பி ஃபைலை உள்ளே அனுப்பி, கேஷ் ஃபோல்டரில் ஓட வைக்க முடிந்தது. தனி ஸ்கிரிப்டைத் தளத்தில் வைத்தால் அதன் வாசலுக்கு நாம்தான் காவல், வேர்ட்பிரஸ் வராது. கதிர், உங்கள் ரசீது முகவரியில் மாணவர் எண்ணை மாற்றிப் போட்டால் அடுத்த பையன் ரசீது வருகிறதா?

கதிர்வலை

வருகிறது அண்ணா. இன்றே பூட்டுகிறேன்.

எட்டிப்பார்

என் கேஸ் கொஞ்சம் வேறு, இழை நீள்வதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் ஸ்கிரிப்ட் வேறு சர்வரில் இருக்கிறது, வரவேற்பறையில் ஒரு டிவியில் அறிவிப்பு ஓட்டுகிறது. ஃபைல் எழுதினாலும் அங்கிருந்து எட்டாது.

மின்மினி

அதற்கு ரெஸ்ட் ஏபிஐ, வேறு நிரல்கள் இணையம் வழியாகத் தளத்திடம் தகவல் கேட்கும் வழி. ரெஜிஸ்டர்_ரெஸ்ட்_ரூட் போட்டு ஒரு முகவரியைத் திறந்து, இதே மதிப்புகளை அதில் கொடுங்கள். அனுமதியைச் சரிபார்க்கும் பர்மிஷன் கால்பேக்கை 5.5 முதல் கட்டாயம் எழுத வேண்டும், எல்லாருக்கும் திறந்தது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தீம் மாட்ஸ் அரே முழுவதையும் அப்படியே வெளியே கொட்டிவிடாதீர்கள். சில தீம்கள் மேப் சாவி, மின்னஞ்சல் பாஸ்வேர்ட் எல்லாம் அதே அரேயில் வைத்திருக்கும். வேண்டிய பெயர்களை மட்டும் பட்டியல் போட்டு அனுப்புங்கள்.

நிறத்தில் ஒரு சின்னக் கண்ணி. வேர்ட்பிரஸின் சொந்தப் பின்னணி நிறமும் தலைப்பு எழுத்து நிறமும் ஹேஷ் குறி இல்லாமல் சேமிக்கப்படும், தீம்காரர்கள் சேர்க்கும் நிறங்கள் பெரும்பாலும் ஹேஷ் குறியோடு இருக்கும். அனுப்பும் முன் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

கதிர்வலை

ஜேசான் வழியில் எழுதிவிட்டேன், நிறம், லோகோ, நேரம் எல்லாம் வருகிறது. இரவுத் தேதிக்கு நேர மண்டலத்தை ஸ்கிரிப்டின் தலையிலேயே வைத்துவிட்டேன், இப்போது அதை மாற்ற யாரும் இல்லை. ஆனால் தமிழ் முகவரி பிடிஎஃப்பில் உடைகிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்கிறது. இது செட்டிங்ஸ் எடுப்பதில் வரும் கோளாறா?

புதுக்கட்டம்

இல்லை, அது பிடிஎஃப் நூலகம். குறியீட்டு வரிசையில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால்தான் இருக்கும், அதை முன்னால் கொண்டுவந்து வரைவது எழுத்தை அமைக்கும் நிரலின் வேலை. டிசிபிடிஎஃப்பா? அதற்குத் தமிழை அமைக்கத் தெரியாது. எம்பிடிஎஃப்புக்கு மாறி, தமிழ் எழுத்துருவுக்கு எழுத்தை அமைக்கும் ஓடிஎல் விருப்பத்தைத் திறந்துவிடுங்கள், சரியாகும்.

கிரான்சாமி

ஜேசான் ஃபைலை யார் பெயரில் எழுதுகிறது என்று ஒருமுறை பாருங்கள். பப்ளிஷ் அழுத்தினால் வெப் சர்வரின் பயனர் எழுதுவார். நீங்கள் சோதிப்பதற்காக உங்கள் லாகினில் இருந்து சிஎல்ஐ வழியாக ஒருமுறை எழுத வைத்திருந்தால் ஃபைல் உங்கள் பெயரில் இருக்கும், அடுத்த பப்ளிஷில் வெப் சர்வரால் அதைத் தொட முடியாமல் போகலாம், பழைய நம்பரே மறுபடி அச்சாகும், யாருக்கும் பிழை தெரியாது. எழுத முடியாவிட்டால் லாகில் ஒரு வரி விழும்படி செய்யுங்கள். நேராக அந்த ஃபைலில் எழுதாமல், அதே ஃபோல்டரில் வேறு பெயரில் எழுதிவிட்டுப் பெயரை மாற்றுங்கள், பாதி எழுதிய ஃபைலை ரசீது படிக்காது.

சிஎல்ஐயில் மதிப்பை மாற்றினால் கஸ்டமைசர் ஹூக் ஓடாது என்பதும் இருக்கிறது. அப்டேட்_ஆப்ஷன் என்று தொடங்கித் தீம் மாட்ஸின் முழுப் பெயரோடு முடியும் ஹூக்கிலும் அதே ஃபங்ஷனை மாட்டிவிடுங்கள். ஒரே பப்ளிஷில் மாறிய ஒவ்வொரு மதிப்புக்கும் ஒருமுறை ஓடும், சின்ன ஃபைல்தான், பரவாயில்லை.

கதிர்வலை

பார்த்தேன், என் பெயரில்தான் இருந்தது. ஃபைலை நீக்கிவிட்டு பப்ளிஷ் அழுத்தினேன், இப்போது வெப் சர்வர் பெயரில் வந்திருக்கிறது. ஹூக்கையும் மாட்டிவிட்டேன். தீம் மாற்றினால் ஓட வேண்டிய ஆஃப்டர்_ஸ்விட்ச்_தீமும் சேர்த்திருக்கிறேன். எம்பிடிஎஃப் நாளைக்கு.